இருபத்தோராவது வளைவு

பதினோரு வருஷமாய் இந்த மலைக்கு
டிக்கெட் கிழித்தவன் நான்.
யார் எந்த வளைவில் வாந்தி எடுப்பார்கள் என்று
அடிவாரத்திலேயே முகம் பார்த்துச் சொல்வேன்.
தோல்பையில் சில்லறையோடு
எப்போதும் இரண்டு எலுமிச்சை.

இன்றைக்குப் பை இல்லை.
நெஞ்சில் நாலு ஊக்கு குத்தி
1437 என்று ஒரு தாள்.
என்னையே யாரோ கிழித்துக் கொடுத்தது போல.

காலை ஐந்தரை. இருட்டு விலகவில்லை.
மைக்கில் ஒருவர் எல்லோரையும் சாம்பியன் என்கிறார்.
எண்ணூறு பேர்,
ஊரிலுள்ள அத்தனை தைலத்தின் வாசனையும்.
சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறை தனபாலன்
ஷூ லேஸை ஏழாவது தடவையாக அவிழ்த்துக் கட்டுகிறார்.
பல் டாக்டர் ரெஹானா
பாதி வாழைப்பழத்தை என்னிடம் நீட்டுகிறார்.
நாலு மாசம் மூக்கனேரிக் கரையில் சேர்ந்து ஓடியவர்கள்;
ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது.

முதல் மூன்று வளைவு நன்றாகத்தான் போனது.
அதுதான் தப்பு.

நாலாவதில் ரெஹானா முன்னே போனார்,
"வரேன் கண்டக்டர் சார்."
ஆறாவதில் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
எட்டாவதில் ஒரு மீசைக்காரர், எழுபது இருக்கும்,
மளிகைக் கடைக்குப் போகிறவர் மாதிரி
என்னைத் தாண்டிப் போனார்.

ரோடு ஏறுகிறது என்று தெரியும்.
எவ்வளவு ஏறுகிறது என்பதை
இத்தனை நாள் கியர் சொல்லும்.
இன்றைக்குத் தொடை சொல்கிறது.

பின்னால் அந்தச் சத்தம்.
ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் தெரியும் எனக்கு,
இரண்டாவது கியரில் இருமுகிற என் பேருந்து.
முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வர
டிப்போவில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
ஸ்டியரிங்கில் செங்கோடன் அண்ணன்.
கண்டக்டர் இல்லை.

"ஏறுப்பா."

ஏறு ஏறு, உள்ளே போ, படியில நிக்காதே.
பதினோரு வருஷம் நான் சொன்னது.
என்னிடம் யாரும் சொன்னதில்லை.
எவ்வளவு நல்ல வார்த்தை அது.

பத்தாவதில் தனபாலன் ஏறிவிட்டார்.
ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல்,
பற்று விட்டுப்போன கொலுசைப் பார்ப்பது போல
தன் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிமூன்றில் என் காலும் பிடித்துக்கொண்டது.
தடுப்புச் சுவரில் சாய்ந்தேன்.
பேருந்தும் நின்றது.
"சீக்கிரம் முடிவு பண்ணு, டீசல் கணக்கு கேப்பாங்க"
என்று அண்ணன் இன்ஜினை அணைத்தார்.

அப்போதுதான் கேட்டது.
பாறைக்குப் பின்னால் எங்கோ
தண்ணீர் விழுகிறது.
பெரிய அருவியெல்லாம் இல்லை.
யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனது போல.

நாளைக்கு நாலு நடை.
பதிமூன்றாயிரம் தடவையாவது
இந்த இடத்தைக் கடந்திருப்பேன்.

கையில் விசில் இல்லை.
விரலை மடித்து வாயில் வைத்து
இரண்டு தடவை ஊதினேன்.
போலாம் ரைட்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அண்ணன் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது.

ஏரிக்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
காற்றடைத்த அலங்கார வளைவை
இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
அது ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்தது.
குனிந்துதான் நுழைந்தேன்.

"மெடல் தீந்துடுச்சு சார்,
விலாசம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."
ரெஹானா பொங்கலை மூடி வைத்திருந்தார். ஆறியிருந்தது.
தனபாலன் நொண்டியபடி வந்து
"வெள்ளியிலயே நான் அடிச்சுத் தரேன்,
கூலி மட்டும் குடு" என்றார்.

திங்கட்கிழமை, முதல் நடை.
படி இறங்கினால் உயிர் போகிறது.
பதிமூன்றாவது வளைவில்
அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன்,
ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அணைத்தார்.

ஐம்பத்திரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.
"பிரேக்டவுனா?" என்றது கடைசி சீட்டு.
"வேற வண்டி வருமா?"
"டிக்கெட் காசைத் திருப்பித் தருவியா?"